மண் சரிந்த இரவில் யார் கையெழுத்து? மலையகச் சபைகளின் அவசர நிதிக்கு இருக்கும் வழிகள்

“சேர், கோவிச்சுக்காதீங்க. வண்டி தரமாட்டேன்னு சொல்லல. மொதல்ல இதப் பாருங்க.”

பெக்கோ இயந்திரத்தின் சொந்தக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியது ஒரு பில். நான்காக மடித்து, நனையாமல் ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தார். முந்தைய மழைக்காலத்தில் இரண்டு நாள் மண் அள்ளியதற்கு எங்கள் பிரதேச சபை அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம். எட்டு மாதம் கடந்திருந்தது. வெளியே ஐப்பசி மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. இரண்டு தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் இருக்கும் ஒரே பாதையில் மண் விழுந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நான் அப்போது சபையின் நிதிப் பிரிவில் முகாமைத்துவ உதவியாளர். பாதைப் பராமரிப்புக்கான செலவுத் தலைப்பில், அதாவது நாங்கள் வாயால் சொல்லும் ‘வோட்’டில், மிச்சம் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம் ரூபா.

அன்றிரவு வண்டி வரவில்லை. விடியக் கருக்கலில் தோட்டத்து ஆட்களே மண்வெட்டியும் அலவாங்குமாக இறங்கி, ஓராள் நடக்கிற அகலத்துக்கு வழி வெட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கதிரையில் உட்கார வைத்து அந்த வழியால் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் நலமாகத்தான் திரும்பினார்கள். ஆனால் அந்தக் கதிரையின் நான்கு காலையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு சேற்றில் சறுக்கிச் சறுக்கி நடந்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைப் புரட்டிப் போட்ட பிறகு, அவசர நிதி என்ற பேச்சு சபைகளில் சூடு பிடித்திருக்கிறது. நான் ஓய்வு பெற்றவன். இருந்தாலும் புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் சிலர் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். பாதீட்டில் பத்து இலட்சம் ஒதுக்கினால் போதாதா என்கிறார் ஒருவர். வங்கியில் நிலையான வைப்பு போடலாம் என்கிறார் இன்னொருவர். காப்புறுதி எடுக்கலாமே என்கிறார் ஒரு இளம் பெண் உறுப்பினர். கொழும்பு எப்படியும் தரத்தானே போகிறது, நாம் ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது நான்காவது குரல். நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எது எங்கள் மலைக்குப் பொருந்தும் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சபையின் சுமை எவ்வளவு என்று தெரிய வேண்டும். மலையகத்தில் ஒரு பாதை மூடினால் அது யாருடைய பாதை என்பதே முதல் வழக்கு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா வரும் ஏ7 வீதியில் மண் விழுந்தால் அது சபையின் செலவல்ல. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்சமுள்ள சிறு பாதைகள் சபைக்கு. தோட்டப் பாதைகள் நீண்ட காலம் கம்பனிகளின் தலையில் இருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடம் வைக்கவில்லை. வாக்குப் போடலாம், வசதி கேட்க முடியாது என்ற அந்த நிலை 2018இல் வந்த திருத்தத்தோடுதான் மாறியது. அதே ஆண்டு நுவரெலியா மாவட்டத்தில் சபைகளும் பெருகின. அம்பகமுவ மூன்றாகப் பிரிந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும் தனிச் சபைகளாயின. நுவரெலியா பிரதேச சபையும் மூன்றாகி அக்கரபத்தனை, கொட்டகலை பிறந்தன. மாநகர சபை, இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என இன்று மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. மக்களுக்குச் சபை கிட்ட வந்தது. நான் மனமார வரவேற்றேன். ஆனால் பெரிய சபை ஒன்றின் வருமானமும் மூன்றாகத்தானே பிரிந்தது.

நிவாரணமும் சபையின் வேலையும் வேறு வேறு என்பது அடுத்தது. சமைத்த உணவு, உலர் உணவுப் பொதி, வீட்டுச் சேதத்துக்கான கொடுப்பனவு இவையெல்லாம் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்ற வழியால் வருபவை. பாதையைத் திறப்பது, கான் (வடிகால்) அடைப்பை எடுப்பது, தண்ணீர் பவுசர் அனுப்புவது, குப்பை, மயானம், தெருவிளக்கு ஆகியவைதான் சபையின் பங்கு. அவசர நிதி என்றதும் உறுப்பினர்களுக்கு அரிசிப் பொதி கொடுக்கும் ஆசை வரும். தவறான ஆசை என்று சொல்லமாட்டேன். பசித்தவனைப் பார்த்தால் யாருக்கும் வருவதுதான். ஆனால் அந்தப் பொதியைக் கொடுக்க வேறொரு அலுவலகம் இருக்கிறது. பாதையைத் திறக்க வேறு ஒருவரும் இல்லை.

இனி வழிகள்.

ஆண்டுப் பாதீட்டில் ‘எதிர்பாராச் செலவு’ என்று ஒரு தொகை எழுதி வைப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. சுலபம், சட்டச் சிக்கல் இல்லை, கணக்காய்வில் கேள்வி இல்லை. இந்த வழியோடு நான் பல வருடம் குடித்தனம் நடத்தியவன். அதன் குறை தொகையில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. எங்கள் நிதியாண்டு ஜனவரி 1இல் பிறந்து டிசம்பர் 31இல் சாகிறது. மலை எப்போது சரிகிறது? கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29. டித்வா வந்தது நவம்பர் கடைசி. இரண்டாம் இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவத்தின் தொடக்கமும் விழுவது, சபையின் பெட்டி ஏறக்குறையக் காலியாகும் மாதங்களில்தான். ஒக்டோபர் வந்தால் போதும், மிச்சமிருக்கும் ஒதுக்கீட்டை வருடம் முடியுமுன் செலவழிக்க வேண்டும் என்று எல்லாப் பிரிவும் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். ‘எதிர்பாராச் செலவு’ என்ற தலைப்பில் கிடந்த பணம் அதற்குள் விழா மேடைக்கோ, வாகனத் திருத்தத்துக்கோ, தெருவிளக்குக்கோ மாற்றப்பட்டிருக்கும். மழை பெய்யாத வருடத்தில் அது மிஞ்சினாலும் டிசம்பர் 31இல் தனிப் பணம் என்ற அடையாளத்தை இழந்து பொது மிச்சத்தில் கரைந்துவிடும். பாதீட்டுத் தலைப்பு ஒன்றை அவசர நிதி என்று நம்புவது, ஓட்டைக் குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வருவது போலத்தான்.

இதற்கு மாற்று, ஆண்டோடு சாகாத தனி நிதி. உலகில் இதைப் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்ஸ். எங்களைப் போலவே புயலும் மண்சரிவும் கண்ட நாடு. 2010இல் அவர்கள் நிறைவேற்றிய சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளூராட்சியும் தன் வழமையான வருமானத்தில் குறைந்தது 5 சதவீதத்தை அனர்த்த நிதிக்கு ஒதுக்க வேண்டும். அதில் 30 சதவீதம் உடனடிப் பணிக்கென்று அப்படியே நிற்கும். மற்ற 70 சதவீதத்தைத் தடுப்பு வேலைக்கும் ஆயத்தத்துக்கும் செலவிடலாம். செலவாகாத பணம் தனி நம்பிக்கை நிதிக்குப் போய் ஐந்து வருடம் வரை அந்த நோக்கத்துக்கே காத்திருக்கும். எங்கள் டிசம்பர் நோய்க்கு நேர் மருந்து அந்த ஐந்து வருடம். ஜப்பான் வேறு விதம். அங்கே ஒவ்வொரு மாகாணமும் கடந்த மூன்று வருட வரி வருமானத்தின் சராசரியில் ஆயிரத்துக்கு ஐந்து என்ற அளவையாவது அனர்த்த உதவி நிதியில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சதவீதம் சிறியதுதான், ஆனால் மூன்று வருடச் சராசரி என்பது நல்ல யோசனை. ஒரு வருடம் வருமானம் விழுந்தாலும் கணக்கு தடுமாறாது. அமெரிக்க, கனடிய அரசு நிதி அதிகாரிகளின் சங்கமோ இன்னும் தாராளமாக, இரண்டு மாத வருமானத்துக்கோ செலவுக்கோ குறையாத தொகையைக் கையிருப்பில் வைக்கச் சொல்கிறது.

இவற்றை எங்கள் அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு சபையின் சொந்த வருமானம் ஆண்டுக்கு 6 கோடி ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சோலைவரி (வீடு, கட்டிடங்களுக்கான வரி), கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார உரிமம், முத்திரை வரியில் கிடைக்கும் பங்கு எல்லாம் சேர்த்து. ஜப்பானிய அளவு 3 இலட்சம். பிலிப்பைன்ஸ் அளவு 30 இலட்சம், அதில் உடனடிக்கு நிற்பது 9 இலட்சம். இரண்டு மாத அளவு 1 கோடி. இப்போது ஒரு இரவின் செலவைப் பாருங்கள். டீசலோடு மணிக்கு 8,000 ரூபா என்று ஒரு பெக்கோவைப் பேசினால், இரண்டு பெக்கோ இருபது மணி நேரம் ஓடினால் 320,000 ரூபா. மண்ணை ஏற்றிப்போக டிப்பர் தனி. ஜப்பானிய அளவு ஒரே இரவில் முடிந்துவிடும். இரண்டு மாத அளவோ எங்களுக்குக் கைக்கெட்டாத கனி; அதைப் பூட்டி வைத்தால் ஒரு வருடம் முழுக்க மதகும் படிக்கட்டும் கட்ட முடியாது. அந்த மதகுதான் மண் சரியாமல் காப்பது என்பதையும் மறக்கக் கூடாது. கான் வெட்டாமல் காசு சேர்ப்பவன் நோயை வளர்த்துக்கொண்டு மருந்துக்குச் சேமிப்பவன்.

என் கணிப்பில் ஆண்டுக்கு 2 சதவீதம், உச்ச வரம்பு 6 சதவீதம். மேலே சொன்ன சபைக்கு ஆண்டுக்கு 12 இலட்சம், மூன்று வருடத்தில் 36 இலட்சம், அதோடு நிறுத்திக்கொண்டு மேலதிகத்தைக் கானுக்கும் தாங்குசுவருக்கும் போடலாம். எடுத்துச் செலவழித்தால் அடுத்த பாதீட்டின் முதல் வேலை அதை நிரப்புவது. வரம்பு வைக்காத நிதி இரண்டு ஆபத்தைக் கொண்டுவரும். வங்கியில் பெரிதாகக் கிடப்பதைப் பார்த்தால் சபைக்குள்ளேயே கை நீளும்; வெளியே, உங்களிடந்தான் காசு இருக்கிறதே என்று மாகாணம் மானியத்தைப் பிடிக்கும்.

பணம் எங்கிருந்து? நிலுவையிலிருந்து. எந்தச் சபையிலும் பழைய சோலைவரி நிலுவை மலை போலக் கிடக்கிறது. கடை வாடகை நிலுவை இன்னும் மோசம். வசூலாகும் ஒவ்வொரு நிலுவை ரூபாவிலும் பத்துச் சதம் அவசர நிதிக்கு என்று தீர்மானம் போட்டால், நடப்பு வருமானத்தில் கை வைக்காமலே தொடங்கலாம். கடைக்காரரிடம் போய் நிற்கும் வரி அறவிடுபவருக்கும் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்: அண்ணே, நீங்க கட்டுற காசுலதான் ஒங்க கடைக்கு முன்னால விழுற மண்ண அள்ளப் போறோம்.

தோட்டப்புறத்தின் பங்கு இன்னும் தீராத கணக்கு. லயத்தில் இருப்பவருக்கு அந்தக் காம்பராவே சொந்தமில்லை, அவரிடம் சோலைவரி கேட்க முடியாது. பெருந்தோட்டங்களின் ஏக்கர் வரி பெரிதாக ஒன்றும் தருவதில்லை. ஆனால் சரிவது பெரும்பாலும் அந்தத் தோட்டத்து மலைதான். வரி கட்டாத இடத்துக்கு ஏன் செலவு என்று நகரத்து உறுப்பினர் ஒருவர் கேட்டால், நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டின் அந்நியச் செலாவணியில் அந்த மக்கள் கட்டிய வரியை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கூட்டு நிதி என்ற வழி எனக்கு நெடுநாள் ஆசை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. என் அம்மா இருந்த டிவிசனில் மரண உதவிச் சங்கம் இருந்தது. மாதா மாதம் வீட்டுக்கு ஒரு சிறு தொகை. பொருளாளரின் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட தொகை இருக்கும், மிச்சம் வங்கியில். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தப்புச் சத்தம் எழும்புவதற்குள் அந்தக் காசு வீட்டுக்குப் போய்விடும். கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. கூட்டம் பிறகு, கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அப்போது கொப்பியைத் திறந்து கணக்குக் காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்த சங்கம் அது. ஆனாலும் அவசரத்துக்கு முன்பணம், கணக்குக்குப் பின்கூட்டம் என்ற முறையைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

12 மன்றங்களும் இப்படி ஒரு பொது நிதி வைத்தால்? ஒரு வகையில் நுவரெலியா மாவட்டம் இதற்கென்றே அமைந்தது. கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவத்தில் நனைகிறது. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவம். மேற்குச் சரிவில் மண் விழும்போது கிழக்குச் சரிவு பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஒருவருக்குத் தேவைப்படாத காலத்தில் மற்றவர் எடுக்கலாம். சாதாரண வருடங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் டித்வா போன்ற புயல் கிழக்கு மேற்கு பார்க்கவில்லை. எல்லாச் சபையும் ஒரே விடியலில் கை நீட்டினால் பொது உண்டியல் அரை நாளில் காலி. நியூசிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்கள் 1993இல் இப்படியொரு பரஸ்பர நிதி தொடங்கி நன்றாகவே நடத்தின. கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கங்கள் வந்தபோது அது வற்றிப்போனது. இங்கே அரசியல் தடையும் உண்டு. 2025 மே தேர்தலுக்குப் பின் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. சொந்தச் சபையிலேயே பாதீட்டை நிறைவேற்றத் தலைகீழாக நிற்கும் தவிசாளர்கள் பன்னிரண்டு பேரை ஒரு உண்டியலுக்கு உடன்பட வைக்க வருடங்கள் பிடிக்கும். கூட்டு நிதி இரண்டாம் படி. பக்கத்துப் பக்கத்துச் சபைகள் இரண்டு மூன்று, இயந்திரத்தையும் பவுசரையும் இரவல் கொடுக்கும் உடன்படிக்கையோடு தொடங்கினால் அதுவே விதைநெல்.

காப்புறுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016இலிருந்து நடத்திய இயற்கை அனர்த்தக் காப்புறுதி வீடுகளையும் சிறு வியாபாரங்களையும் நோக்கியது. உச்சம் 25 இலட்சம் ரூபா. சபையின் பாதைக்கும் கானுக்கும் அது வராது. மழைமானியில் குறிப்பிட்ட அளவு தாண்டினால் சேதத்தை மதிப்பிடாமலே பணம் தரும் அளவுகோல் காப்புறுதி ஒன்று உண்டு. கரீபியன் தீவு நாடுகள் 2007இலிருந்து சூறாவளிக்கும் நிலநடுக்கத்துக்கும் அப்படியொன்றைக் கூட்டாக வைத்திருக்கின்றன. வேகமாகப் பணம் வரும் என்பது பெரிய வரம். ஆனால் எங்கள் மலையில் இந்த முகட்டில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தில் தூறல். மானி பள்ளத்தில் இருந்தால் முகட்டு மக்கள் புதைந்த பிறகும் மானி பேசாது. ஒரு சிறு சபை தனியாக இதைப் பேரம் பேசவும் முடியாது. சபை தன் கட்டிடத்தையும் வாகனத்தையும் காப்புறுதி செய்து வைத்தால் இப்போதைக்குப் போதும்.

கடன்? உள்ளூர்க் கடன்கள் அபிவிருத்தி நிதியம் பழைய நிறுவனம், சபைகளுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே இருப்பது. சந்தைக் கட்டிடம் எழுப்பவும், இடிந்த பாலத்தைத் திரும்பக் கட்டவும் அது நல்ல வழி. திட்ட அறிக்கை, மதிப்பீடு, அனுமதி என்று நடக்கும் கடன் மண் விழுந்த இரவுக்கு உதவாது. முன்கூட்டியே பேசி வைத்த கடன் வேறு கதை. 2014இல் இலங்கை அரசு உலக வங்கியோடு 102 மில்லியன் டொலருக்கு அப்படியொரு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. 2016 மே மாதம் வெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் வந்தபோது அதை எடுத்தது. நாட்டுக்குப் பொருந்தும், பிரதேச சபைக்கு இன்று அப்படி ஒரு கதவு இல்லை.

கொழும்பை நம்பியிருப்பதும் ஒரு வழிதானே என்பவருக்கு என் பதில்: பெரிய அழிவுக்கு ஆம். அரசியலமைப்பின் 151ஆம் உறுப்புரை எதிர்பாராச் செலவுக்கென்று நாட்டுக்கே ஒரு நிதியை வைத்திருக்கிறது. பாலங்களையும் வீடுகளையும் எந்தச் சபையாலும் தன் காசில் கட்டியெழுப்ப முடியாது, அப்படி எதிர்பார்ப்பதும் அநியாயம். ஆனால் டித்வா நாட்களை நினைத்துப் பாருங்கள். பாதை இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசியும் பல இடங்களில் செத்துக் கிடந்தது. கொழும்பில் பணம் மலைமலையாக இருந்தாலும் முதல் மூன்று நாள் உள்ளூரில் என்ன இருந்ததோ அதுதான் இருந்தது. சபையின் நிதி அந்த மூன்று நாளுக்கானது. நான்காம் நாளிலிருந்து திறைசேரியிடம் உரிமையோடு கேட்கலாம்.

பணமாக வைப்பதா, பொருளாகவும் ஒப்பந்தமாகவும் வைப்பதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கேள்வி. 2022ஐ மறக்க முடியுமா? அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். நிலையான வைப்பில் பத்து இலட்சம் போட்டிருந்த சபைக்கு, அதே பணத்தில் முன்பு வாங்கியதில் அரைவாசிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வாங்க முடிந்திருக்கும். அதைவிடக் கொடுமை, காசு இருந்தும் டீசல் இல்லை. வரிசையில் நின்ற டிப்பரின் சில்லுக்குக் கீழே படுத்துத் தூங்கிய சாரதிகளை நாங்கள் பார்த்தோம். ரூபாவை மட்டும் பூட்டி வைத்தவர்களுக்கு அந்த வருடம் நல்ல பாடம்.

அதனால் நிதியில் ஒரு பங்கை மழைக்கு முன்பே வேலையாக மாற்றி வைக்க வேண்டும். ஏப்ரலிலும் செப்டெம்பரிலும், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இருக்கும் பெக்கோ, டிப்பர் சொந்தக்காரர்களோடு மணி வாடகையை முன்கூட்டியே விலைமனுக் கோரி நிர்ணயித்து ஒப்பந்தம் எழுதுங்கள். கூப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும், சபை முப்பது நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். மூன்று விலைமனு இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்ற நடு இரவுப் பயம் அப்போது வராது, ஏனென்றால் விலைமனு வெயில் காலத்திலேயே முடிந்துவிட்டது. எரிபொருள் நிலையம் ஒன்றோடு முன்கொடுப்பனவு வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் மண் மூட்டைப் பைகள், கற்கூடைக் கம்பி வலை, தறப்பாள், சங்கிலி வாள். பள்ளத்தின் இரண்டு பக்கமும் வண்டி இருக்க வேண்டும் என்பதை மலையில் வாழாதவர்கள் யோசிக்கமாட்டார்கள். மண் நடுவில் விழுந்தால் நகரத்துப் பக்கம் நிற்கும் பத்து வண்டியும் தோட்டத்துப் பக்கத்துக்கு எட்டாது.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு ஒரு வரியில் கோட்டை விடலாம். “சபையின் அங்கீகாரத்துடன் மட்டும் செலவிடப்படும்” என்ற அந்த வரியைத்தான் சொல்கிறேன். பார்வைக்கு ஜனநாயகமாக இருக்கும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 வரை தேர்தல் நடக்காமல் இருந்த இரண்டு வருடத்துக்கு மேல் எந்தச் சபை கூடியிருக்கும்? செயலாளர் ஒருவர்தான் இருந்தார். சபை இருக்கும் காலத்திலும், பாதை மூடிய நாளில் உறுப்பினர்கள் எப்படி வந்து கூடுவார்கள்? மறுபக்கம், தவிசாளரின் விருப்பப்படி எடுக்கலாம் என்று எழுதினால் தேர்தலுக்கு முந்தைய மாதம் எல்லாமே அவசரமாகிவிடும்.

நான் சொல்லும் தீர்வு, முடிவை மழையிடம் கொடுப்பது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் வெளியேற்றம். இந்தப் படிகளோடு நிதியைக் கட்டுங்கள். முதல் எச்சரிக்கையில் செலவு இல்லை, ஒப்பந்தக்காரர்களுக்குத் தொலைபேசி அழைப்பு மட்டும். இரண்டாம் படியில் நிதியின் பத்தில் ஒரு பங்கு தானாகத் திறக்கும். வண்டிகள் இரண்டு பக்கமும் போய் நிற்கவும் டீசல் நிரப்பவும் அது. மூன்றாம் படியிலோ, பாதை உண்மையில் மூடி கிராம உத்தியோகத்தர் எழுத்தில் உறுதி செய்தாலோ, பாதி வரை. செயலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். செலவு விபரம் பதினான்கு நாளுக்குள் சபை முன், சபை இல்லாத காலத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர் முன், அதோடு சபையின் அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும். மிச்சப் பாதியைத் தொட மட்டும் சபைத் தீர்மானம். எச்சரிக்கை வந்து மழை ஏமாற்றிய நாட்களும் இருக்கும், வண்டி சும்மா நின்ற வாடகை போகும். அதை நட்டம் என்று எழுதும் கணக்காய்வாளரிடம் மீரியபெத்தையைச் சொல்லுங்கள். அந்தச் சரிவு பற்றி 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, அதைச் செலவாக மாற்றும் கை இல்லை.

இந்த யோசனையை ஒரு உறுப்பினரிடம் விளக்கியபோது அவர் கேட்டார்: “எல்லாம் சரிங்க அண்ணே, ஆனா பில் வந்தா அந்த முப்பது நாள்ல யாரு குடுப்பா? நீங்க இருந்தப்பவே எட்டு மாசம் ஆச்சே.” நியாயமான அடி. அதனால்தான் நிதி சபையின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், பெக்கோ பில் அந்தக் கணக்கிலிருந்தே போக வேண்டும் என்கிறேன். பொதுக் கணக்கில் சம்பளமும் மின்கட்டணமும் எப்போதும் முந்திக்கொள்ளும். மண் அள்ளியவனின் பில் எப்போதும் கடைசி வரிசை.

அந்தப் பெக்கோக்காரரின் பழைய பில்லுக்குப் பதினோராவது மாதத்தில்தான் பணம் கொடுத்தோம். காசோலையை நானே கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி, முன்பு பில்லைச் சுற்றியிருந்த அதே ஷொப்பிங் பையில் வைத்து மடித்தார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர்” என்றார். அடுத்த வைகாசியில் நான் கூப்பிட்டபோது இரண்டாவது மணியிலேயே தொலைபேசியை எடுத்தார்.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டு வரைபுகள் ஒக்டோபரில் மேசைக்கு வரும். அதற்கு முன், செப்டெம்பர் கூட்டத்திலேயே தனிக் கணக்கு, நிலுவையில் பத்துச் சதம், மழைப் படிகள், இரண்டு கையெழுத்து ஆகிய நான்கையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாகன ஒப்பந்த விலைமனுவையும் அதே மாதம் கோரிவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் பள்ளத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு வண்டியாவது நிற்கும்.